தற்காலிகப் பராமரிப்பு

பிளாக்ஹவுஸ் பே,
ஓக்லாந்து, நியூசிலாந்து.
11.05.2025

அன்புள்ள தம்பி யசீகரனுக்கு,

நாயகி அக்கா எழுதுகிறேன். நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும். மாசி மாதத்திலிருந்து நான் அனுப்பிய செய்திகள் ஒன்றும் உங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று போன் காட்டுகிறது. நம்பரை மாற்றிவிட்டீர்கள் போலிருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போய்வந்த சோதிலிங்கம் அண்ணை, கிளிநொச்சியில் உங்கள் நண்பர் ஜனார்த்தனின் ஹாட்வெயர் கடையில் உங்களைக் கண்டதாகச் சொன்னார். நன்றாக மெலிந்திருந்தீர்களாம். அவரைக் கண்டதும் கடைக்குப் பின்னால் போனவர் பிறகு வெளியே வரவில்லையாம். அதனால்தான் கடை விலாசத்துக்கு இதை எழுதுகிறேன்.

இன்று இங்கே அன்னையர் தினம். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

பிரணவி தை முடிய ஏழாம் வகுப்புக்கு, இன்ரமீடியட் பள்ளிக்கூடத்துக்கு மாறிவிட்டாள். சீருடைப் பாவாடை அவளுக்குக் கொஞ்சம் நீளம், மடித்துத் தைத்திருக்கிறேன். என் தங்கச்சி மலரைப் போலவே வேகமாக வளர்கிறாள். பள்ளிக்கூட அணியில் நெற்போல் விளையாடுகிறாள். சாப்பாட்டில் குறையில்லை. முதலில் அப்பா எப்போது வருவார் என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள். பிறகு கிழமைக்கு ஒரு தடவை. பங்குனிக்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்டபோது வேறு கதை எடுத்துச் சமாளித்தேன். கேட்காமல் விட்ட பிறகுதான் பயமாக இருக்கிறது.

மலரின் சாம்பலை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது மூன்று கிழமை என்றீர்கள். கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு அடுத்த விமானத்தில் வருவேன் என்றீர்கள். மூன்று கிழமைக்கு வேண்டிய உடுப்போடு ஒரு பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டுதான் பிள்ளை என்னிடம் வந்தாள். நான் அப்போது நியூ லின்னில் ஒரு குடும்பத்தோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தது உங்களுக்குத் தெரியும். நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தாள். மார்கழியில் உங்கள் வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டார். நானும் அவளும் இரண்டு நாளாகச் சாமான்களை ஒதுக்கினோம். மலரின் சேலைகளைப் பெட்டியில் வைக்கும்போது பிள்ளை அழவில்லை. உங்கள் மழைக்கோட்டை மடிக்கும்போதுதான் அழுதாள். தையில் இந்த இரண்டு அறை யூனிற் வீட்டுக்கு வந்தோம். கடல் பக்கத்தில்தான், ஆனால் எங்கள் யன்னலுக்குத் தெரிவதில்லை. ஈரம் மட்டும் வருகிறது.

முதியோர் இல்லத்தில் எனக்கு முந்தி எப்போதும் பின்னேர வேலைதான், சனி ஞாயிறும் செய்வேன். அதில்தான் சம்பளம் கூட. பிள்ளை மூன்று மணிக்கு வந்து வெறும் வீட்டைத் திறக்கக்கூடாது என்று காலை வேலைக்கு மாறி, மணித்தியாலங்களையும் குறைத்துக்கொண்டேன். வருமானம் வாடகையோடு போகிறது.

இனி எழுத வந்த விஷயம். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு வரி அலுவலகம் கிழமைக்குக் கிழமை கொடுக்கும் வரிச்சலுகையை மலர் உங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டிருந்தாள் அல்லவா? அவள் போனதும் நீங்கள் அதை உங்கள் பேருக்கு மாற்றினீர்கள். தனி ஆளான எனக்கு அதெல்லாம் கிடைக்காது என்று நான் நினைத்திருந்தேன். சோதிலிங்கம் அண்ணை முந்தி கணக்காளராக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். அவர்தான் சொன்னார். "தங்கச்சி, நீர் பெத்தனீரோ, கலியாணம் கட்டினனீரோ எண்டு அவை பாக்கிறேல்லை. பிள்ளை ஆரோடை இருக்கு, ஆர் பாக்கினம், அதுதான் கேள்வி" என்றார்.

படிவத்தில் துணைவர் இருக்கிறாரா என்று ஒரு கேள்வி. அண்ணை தலையைக் குனிந்துகொண்டு, "கேக்கவேணும் எண்டு கிடக்கு, அதாலை கேக்கிறன். ஒருத்தரும் இல்லைத்தானே?" என்றார். இல்லை என்றேன். ஒரு பெட்டிக்குள் புள்ளடி போட்டார். என் நாற்பத்தொன்பது வயதுக்கும் அந்த ஒரு புள்ளடி போதுமாக இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பிள்ளை உங்கள் பராமரிப்பில் இருப்பதாகவே அவர்களிடம் பதிவு. அதோடு, பிள்ளையை நிரந்தரமாகப் பார்ப்பவருக்குத்தான் சலுகை, தற்காலிகமாகப் பார்ப்பவருக்கு இல்லை என்று விதி. நீங்கள் போய் ஆறு மாதம். திரும்பி வருவீர்கள் என்றால் நான் தற்காலிகம். வேறொரு அலுவலகத்தில் வேறொரு உதவி உண்டாம், அங்கேயும் சுற்றிவளைத்து இதே கேள்விதான்.

ஆகவே ஒரு கடதாசி இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். மூன்றே வரி, நீங்கள் சொல்வதாக: என் மகள் கார்த்திகை மாதத்திலிருந்து அவளுடைய பெரியம்மாவோடு வசிக்கிறாள். அவளுடைய அன்றாடத் தேவைகளை நான் பார்ப்பதில்லை. அவளை மீண்டும் என் பராமரிப்பில் எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

மூன்றாவது வரி வேண்டுமா என்று கேட்டேன். "அதுதான் வேணும். மற்ற ரெண்டும் எங்களுக்கே தெரியும்" என்றார்.

கையெழுத்து வைத்து, என் விலாசம் எழுதிய உறையில் போட்டு அனுப்பினால் போதும். வேறொன்றும் நீங்கள் எழுதவேண்டியதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நல்லூர் முருகன் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
செல்வநாயகி


பிளாக்ஹவுஸ் பே
20.07.2025

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் உறை வந்து சேர்ந்தது. அது பள்ளிக்கூட விடுமுறையில் வந்ததுதான் பிழையாகப் போய்விட்டது. நான் வேலையில். அடுத்த யூனிற்றில் இருக்கும் ராகவி என்ற பிள்ளைத்தாய்ச்சிப் பெண்தான் விடுமுறை நாட்களில் பிரணவியைப் பார்த்துக்கொள்கிறாள். தபால்பெட்டியைத் திறந்தவள் பிரணவி. உறையில் இலங்கை முத்திரை. திறக்காதே என்று அந்த வயதுப் பிள்ளைக்கு ஆர் சொல்வது?

நான் வரும்போது மழை. அவள் வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். கடதாசியைச் சட்டைக்குள் வைத்திருந்தாள். எடுத்து நீட்டி, "அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டி, "இதை வெட்டியிருக்கிறார்" என்றாள்.

வெட்டித்தான் இருந்தீர்கள். ஒருதரம் அல்ல, பேனை கடதாசியைக் கிழிக்கும் அளவுக்கு நாலைந்து தரம். கீழே கையெழுத்தும் திகதியும். உறையைப் பிரித்து உள்ளேயும் பார்த்தேன். ஒரு சொல் இல்லை. நான்தானே வேறொன்றும் எழுதவேண்டாம் என்று எழுதியவள்.

தம்பி, அந்தக் கடதாசியைப் பற்றிப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்கவில்லை. வெட்டிய வரியையும் வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிட்டாள். இதை எழுதியது ஆர் என்று கேட்டாள். சோதிலிங்கம் மாமா என்றேன். எழுதச் சொன்னது ஆர் என்று கேட்டாள். நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கோபத்தில் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, நன்றி என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விருந்தாளி மாதிரி.

மூன்றாம் நாள் தானாக வந்து என் பக்கத்தில் இருந்தாள். "அப்பா வெட்டினதாலை உங்களுக்கு காசு வராதா?" என்று கேட்டாள். பார்ப்போம் என்றேன். பிறகு, "பரவாயில்லையா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் மலர் போன பிறகு நான் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி இருந்தாள். பரவாயில்லை என்றேன்.

சோதிலிங்கம் அண்ணை கடதாசியைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதிலும் பார்க்க அவர் ஒண்டும் அனுப்பாமல் விட்டிருக்கலாம். இப்ப அவை கட்டாயம் கேப்பினம்" என்றார். மறைத்துக் கொடுப்பது சரியில்லை என்று அவரே சொல்ல, அப்படியே கொடுத்துவிட்டோம். போன் எடுத்து விசாரிப்பார்களாம்.

உங்களில் எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். வரியை வெட்ட ஒரு நிமிடம் போதும். வெட்டியவர் அதே பேனையால் ஒரு வரி எழுதியிருக்கக்கூடாதா என்று திட்டினேன். பிறகு யோசித்தேன். எழுதவோ பேசவோ உங்களுக்கு நான் வாய் விட்டுவைக்கவில்லையே.

ஈமச்சடங்கு மண்டபத்தில் மலரைப் பெட்டியில் வைத்திருக்கும்போது, அத்தனை சனத்துக்கு முன்னால் நான் சொன்னேன். "பனடோலைக் குடுத்துக் குடுத்து என்ரை தங்கச்சியைச் சாக்காட்டிப்போட்டீர்." பிள்ளையின் கையைப் பிடித்திருந்த கையை விட்டீர்கள். அதை நான் கண்டேன். கண்டும் நிறுத்தவில்லை.

இப்போது எழுதப்போவதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பிறகு உயிரையே எடுத்த அந்த வயிற்று நோவை மலர் என்னிடமும் சொன்னாள். போன வருடம் சித்திரையில், கோயில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது, ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் முதியோர் இல்லத்தில் பதினாலு வருடம் வேலை செய்கிறவள். வருத்தக்காரரின் முகத்தைப் பார்த்தே தாதிக்குச் சொல்லுகிறவள். என் தங்கச்சியின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாய்வாக்கும். இஞ்சி அவிச்சுக் குடி" என்றேன். நீங்கள் நோவுக்குப் பனடோல் குளிசை கொடுத்தீர்கள், நான் இஞ்சி கொடுத்தேன். இவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம். அதைச் சுமக்க மாட்டாமல்தான் முழுவதையும் உங்கள் தலையில் இறக்கினேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் கேட்பது போதாது. நேரில் கேட்க வழி வையுங்கள்.

பிள்ளை வளர்ந்து, காற்சட்டை ஒரு அளவு கூடிவிட்டது. இருமல் இல்லை. வேறு விசேஷம் இல்லை. உங்கள் மனம் ஆறவேண்டும் என்று நேர்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நாயகி அக்கா


பிளாக்ஹவுஸ் பே
17.08.2025

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வருமுன் இதை எழுதுகிறேன். நடந்ததை நீங்கள் என் மூலமாகத்தான் அறியவேண்டும்.

புதன்கிழமை நாலு மணியிருக்கும். புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை சாப்பாட்டு மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். வரி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. என் இரண்டு கையும் மா. பிள்ளைதான் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசையின் நடுவில் வைத்தாள். உங்களுக்குத் தெரியும்தானே, இருபத்திரண்டு வருடம் இங்கே இருந்தாலும் நேரில் கதைத்தால் விளங்கும் ஆங்கிலம் போனில் கதைத்தால் எனக்குப் பாதிதான் விளங்கும். நான் முழித்த இடங்களில் அவள் தமிழில் சொன்னாள். என்னோடு அவள் தமிழ் கதைப்பதே அருமை. சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள்.

கதைத்தது ஒரு இளம் பெண். நல்ல குரல், நல்ல மரியாதை. மலரைப் பற்றி வருத்தம் தெரிவித்துவிட்டுத்தான் தொடங்கினாள். எப்போதிருந்து பிள்ளை என்னோடு இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் ஆருடைய பெயர் கொடுத்திருக்கிறது, டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது ஆர் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அந்தப் பெண் தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது. சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

பிறகு கடதாசியில் வெட்டிய வரியைப் பற்றி ஏதோ நீளமாகக் கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெண், கேட்கிறதா என்று இரண்டு தரம் கேட்டாள்.

பிரணவி பென்சிலைக் கொப்பியின் மேல் வைத்தாள். "பெரியம்மா, அவ கேக்கிறா… அப்பா திரும்பி வருவாரோ எண்டு. வந்து என்னைப் பாப்பாரோ எண்டு."

இல்லை என்று சொன்னால் நான் நிரந்தரம். அந்தக் கிழமையே பதிவு மாறும். பின்னேர வேலைக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை. அது பொய்யும் இல்லை. ஒன்பது மாதமாக ஒரு செய்தியும் அனுப்பாத மனிதரைப் பற்றி வேறென்ன சொல்வது? சோதிலிங்கம் அண்ணை முதலே சொல்லித் தந்திருந்தார். "கேட்டால், நாங்கள் எதிர்பாக்கேல்லை எண்டு சொல்லும். அது காணும்." மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

ஆனால் அந்தச் சொல்லை அவள்தானே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லவேண்டும். என் அப்பா வரமாட்டார் என்று தன் வாயால், தெரியாத ஒருத்திக்கு. அவள் என்னைப் பார்க்கவில்லை. பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுடைய நாடி அவளுக்கு. அதை உள்ளங்கையில் ஊன்றியிருந்தாள்.

நான் "ஓம், வருவார்" என்றேன்.

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னாள். எப்போது என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு வாயில் வந்தது மார்கழிக்குள் என்று. பிள்ளை அதைக் கிறிஸ்மஸுக்கு முதல் என்று மாற்றிச் சொன்னாள்.

நல்ல செய்தி என்றாள் அந்தப் பெண். மனதாரத்தான் சொன்னாள். அப்படியானால் இது தற்காலிகப் பராமரிப்பு, இப்போதைக்கு என் பெயரில் பதிய வழியில்லை, நிலைமை மாறினால் திரும்ப அழையுங்கள் என்று ஆறுதலாக விளக்கினாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்டாள். நான் சொன்னதை எழுதினாள்.

போனை வைத்ததும் பிள்ளை எழும்பி வந்து, என் மாக்கையோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பள்ளிச் சட்டை முழுவதும் மா. அவள் வந்த நாளிலிருந்து தானாகக் கட்டிப்பிடித்தது அன்றுதான். எனக்காக இல்லை என்று தெரியும். இருந்தாலும் அப்படியே நின்றேன்.

இன்று கோயிலில் அண்ணைக்குச் சொன்னேன். "விசரே தங்கச்சி உமக்கு?" என்று எழும்பிவிட்டார். உண்மையைத்தானே சொல்லச் சொன்னீர்கள் என்றேன். "நீர் சொன்னது உண்மையோ?" என்று கேட்டார். பிறகு என் படிவங்களின் கோப்பை மூடிக் கையில் தந்தார். பிரசாதத்தைப் பிள்ளைக்கென்று இரட்டிப்பாகக் கட்டித் தந்தார்.

வருகிற கிழமையிலிருந்து வெள்ளியும் சனியும் பின்னேர வேலைக்குப் போகிறேன். அந்த இரண்டு நாளும் ராகவி பார்த்துக்கொள்வாள். ஆனால் அவளுக்கு ஐப்பசியில் பிள்ளை பிறக்க இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன செய்வதென்று இன்னும் யோசிக்கவில்லை. காசைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். அதற்காக வாருங்கள் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

பிரணவி இப்போது சாப்பிடும்போது தமிழில்தான் கதைக்கிறாள். பிழைபிழையாக. நேற்று கத்தரிக்காயைக் கத்திரிக்கோல் என்று சொல்லிவிட்டு, தானே சிரித்தாள். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். அவ்வளவு காலம் அங்கே இருந்த அப்பாவுக்கு ஆங்கிலம் மறந்திருக்கும், அதுதான் என்றாள். அவள் அறையில் யன்னல் பக்கக் கட்டிலை உங்களுக்கு விட்டுவிட்டுத் தான் வரவேற்பறையில் படுக்கலாமாம். இன்னும் நாலு மாதம் இருக்கிறது, பொறு என்று சொல்லிவைத்தேன்.

தம்பி, நான் இந்த நாட்டு அரசாங்கத்துக்கு இதுவரை ஒரு பொய் சொன்னதில்லை. அகதியாக வந்து விமானநிலையத்தில் நின்றபோதும் சொல்லவில்லை. புதன்கிழமை சொன்னது பொய்யா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் கையில் இருக்கிறது.

அவர்களுடைய பதிவில் நான் தற்காலிகம். அதில் எனக்கு மனக்குறை இல்லை. அவள் கட்டிப்பிடித்த பிறகு அவளோடு நிரந்தரமாக இருந்துவிடவும் ஆசையாகத்தான் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் தற்காலிகம் என்று எழுதினால், எடுத்துக்கொள்ள ஒருவர் வரவேண்டும். வரமுடியாதென்றால் எனக்கு எழுதவேண்டாம். நீங்களே அவளுக்கு எழுதுங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ. அந்த ஒன்றை மட்டும் அவளுக்கு எடுத்துச் சொல்ல என்னால் இயலாது.

வழியில் ஒரு தடையும் வராமல் இருக்கட்டும். உங்களைப் பெற்றவர்களின் புண்ணியமும் என் தங்கச்சியின் புண்ணியமும் உங்களுக்குத் துணையாக வரட்டும். வந்து சேருங்கள், தம்பி. மார்கழி என்று சொன்னது நான். கிறிஸ்மஸுக்கு முதல் என்று சொன்னது உங்கள் மகள்.

காத்திருக்கும்,
நாயகி அக்கா